விதை காக்க இரு தலைமுறை

பழைய நெல் ரகங்களைக் காப்பாற்ற விதை மட்டும் போதாது. அது எந்த மண்ணுக்கு ஏற்றது, எந்தப் பட்டத்தில் விதைப்பது, கலவனை எப்படி அடையாளம் காண்பது என்ற அறிவும் வேண்டும். அது பெரும்பாலும் ஊரிலுள்ள முதியவர்களிடமே இருக்கிறது. ஆண்டுதோறும் விதைத்துப் புதுப்பிக்கும் உடல் வலு இளைஞர்களிடம் இருக்கிறது. சாதாரணமாகச் சேமித்த நெல் விதை நமது வெப்பத்தில் ஓரிரு ஆண்டுகளில் முளைப்புத் திறனை இழந்துவிடும். எனவே இரு சாராரும் சேர்ந்து செய்யவேண்டிய இவ்வேலையைத் தள்ளிப் போட முடியாது.

ஆதிரெங்கம் காட்டிய வழி

2003-ல் நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடைப்பயணம் சென்றபோது, விவசாயிகள் சிலர் தாங்கள் காத்துவந்த பழைய ரக விதைகளைக் கொடுத்தனர். அவற்றைப் பெருக்கும் பணியை நெல் ஜெயராமன் ஏற்றார். திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். 2 கிலோ விதை பெற்றவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பதே நிபந்தனை. அவர் 2018-ல் மறைந்தார். ஆனால் அந்த முறையை எந்த ஊரும் பின்பற்றலாம்.

முதலில் குறிப்பேடு

ஊர்ப் பெரியவர்களை ஒரு நாள் மாலை ஒன்றுகூட்டி, இளைஞர்களும் பள்ளி மாணவர்களும் கேட்டு எழுதவேண்டும். ரகத்தின் பெயர், வயது, பட்டம், மண், வைக்கோலின் உயரம், வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும் தன்மை ஆகியவற்றைக் குறிக்கவும். காட்டுயானம் ஏறத்தாழ 180 நாள் பயிர். தண்ணீர் தேங்கும் நிலத்துக்கு ஏற்றது. பூங்கார் குறுகிய வயதுடையது. குடவாழை வேதாரண்யம் பகுதியின் உவர் நிலத்தில் வருவது. வீட்டில் விதை காத்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஆகவே பாட்டிமார்களையும் தவறாது கேட்கவேண்டும்.

வயலில் பாடம்

ஒரு ரகத்துக்கு 5 சென்ட் போதும். பிற நெல் வயலிலிருந்து 3 மீட்டர் இடைவெளி விடவும். பூக்கும் முன், பூக்கும்போது, அறுவடைக்கு முன் என மூன்று முறை கலவன் நீக்கவேண்டும். முதல் முறை பெரியவர் காட்ட, இளைஞர் பிடுங்கட்டும். அடுத்த முறை இளைஞர் காட்டட்டும், பெரியவர் சரிபார்க்கட்டும். இப்படித்தான் கண் பழகும். இந்த ரகங்கள் உயரமாக வளர்பவை. யூரியா அதிகம் இட்டால் சாய்ந்துவிடும். விளைச்சலும் புதிய ரகங்களைவிடக் குறைவாக இருக்கலாம். முழு நிலத்திலும் உடனே மாற்றுவது நல்லதல்ல.

விதை சேமிப்பு

வரப்போர வரிசைகளை விட்டு, வயலின் நடுவிலிருந்து விதை எடுக்கவும். காய்ந்த நெல்லைப் பெரியவர்கள் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள், கடுக்கென்று உடையவேண்டும். இளைஞர்கள் அதே நெல்லை விதைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து ஈரப்பதம் 13 சதத்துக்கு மிகாமல் இருக்கிறதா என்று அறியலாம். இரண்டையும் ஒப்பிட்டால் இருவருக்கும் பாடம்தான். கோட்டை கட்டத் தெரிந்தவர் இருந்தால் அதையும் கற்றுக்கொள்ளவும்.

விதைப்பதற்கு முன் உப்புக் கரைசலில் முட்டை மிதக்கும் பதம் பார்த்து, விதையைக் கொட்டி, மிதப்பதை நீக்கவும். மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவவும். 100 விதையை ஈரத் துணியில் சுருட்டி, ஒரு வாரம் ஈரம் காயாமல் வைத்து எண்ணவும். 80-க்குக் குறையாமல் முளைத்தால் நல்ல விதை. அறுவடையானவுடன் சில ரகங்களில் விதை உறக்கம் இருக்கும். அப்போது முளைப்பு குறைந்தால் அதைக் கெட்ட விதை என்று ஒதுக்கவேண்டாம்.

உரிமை உண்டு

2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், வணிக முத்திரையின்றி விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. ஊரார் தங்கள் ரகத்தைப் பதிவு செய்யவும் வழியுண்டு. அப்போது பெரியவர்கள் சொல்லி எழுதிய குறிப்பேடு உதவும்.

கதிரைக் கண்டதும் பெயர் சொல்லும் பெரியவர் ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார். அடுத்த பட்டம் தொடங்கும் முன், ஓர் இளைஞரை அவருடன் வரப்பில் நடக்கச் செய்யுங்கள்.