விமானிப் படிப்பு: முதலில் டாக்டர், பிறகு முன்பணம்

அமெரிக்காவுக்குப் போய் விமானியாகப் பயிற்சி பெற விரும்பும் பிள்ளைக்கு அங்குள்ள பள்ளியில் இடம் கிடைப்பது பெரிய காரியமில்லை. பிளஸ் டூ சான்றிதழ், பாஸ்போர்ட், தடுமாறாமல் பேசும் ஆங்கிலம், வங்கியில் பணம் இருப்பதற்கான ஆதாரம். பெரும்பாலான பள்ளிகள் கேட்பது இவ்வளவுதான். ஏஜென்ட் இரண்டே வாரத்தில் கடிதம் வாங்கிக் கொடுத்துவிடுவார். அதைப் பார்த்த மகிழ்ச்சியில் முன்பணம் கட்டுகிறவர்கள்தான் பின்னால் அவதிப்படுகிறார்கள். பிள்ளை ஊர் திரும்பி இந்திய விமான நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டும் என்றால், அமெரிக்க உரிமத்தை இங்கே விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ ஏற்று இந்திய உரிமமாக மாற்றித் தர வேண்டும். ஆகவே தகுதிப் பட்டியலை டிஜிசிஏவிலிருந்து தொடங்குங்கள்.

முதல் செலவு டாக்டருக்கு. டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புப் பரிசோதனை, அது முடிந்ததும் முதல் வகுப்பு. கண்ணாடி போடுவதைப் பற்றிக் கவலை வேண்டாம், திருத்திய பார்வை சரியாக இருந்தால் போதும். நிறங்களைப் பிரித்தறியும் சோதனைதான் பலரை வீழ்த்துகிறது; தனக்கு அந்தக் குறை இருப்பதே அன்றுவரை அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அமெரிக்க விமானத் துறையின் மருத்துவச் சான்றிதழ் தனி. அது கையில் இருக்கிறது என்பதற்காக இங்கே யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அடுத்தது பாடப்பிரிவு. இயற்பியலும் கணிதமும் எடுத்துப் பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும் என்பது டிஜிசிஏ வைத்திருக்கும் விதி. நம் ஊர் ‘ப்யூர் சயின்ஸ்’ குரூப்பில் கணிதம் கிடையாது, காமர்ஸில் இரண்டுமே கிடையாது. அந்தப் பிள்ளைகள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக விட்ட பாடத்தை எழுதித் தேறலாம். கிளம்புவதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

பெயர் விஷயத்தைச் சின்னதென்று எண்ண வேண்டாம். மதிப்பெண் பட்டியலில் ‘முருகன் கு.’ என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் அந்த ‘கு.’ விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், அல்லது குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் பிள்ளையின் பெயர் குடும்பப் பெயராகி, இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு’ என்ற மூன்று எழுத்து வந்து உட்காரும். பிறகு பாதுகாப்பு அனுமதி, அமெரிக்க உரிமம், டிஜிசிஏ பதிவு என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயர். இன்ஷியலோடு வாழும் நமக்கென்றே வாய்த்த தலைவலி இது! விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்தி, மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகச் செய்யுங்கள்.

பாதுகாப்பு அனுமதி என்றேன். அமெரிக்கரல்லாத மாணவர் டி.எஸ்.ஏ. என்ற அமைப்பிடம் பதிந்து, கைரேகை கொடுத்து, பின்னணிச் சோதனையில் தேறிய பிறகே விமானத்தில் பயிற்சி தொடங்க முடியும். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் 2001 செப்டம்பர் 11. விமானங்களைக் கடத்தியவர்களில் இருவர் ஃபுளோரிடாவில் ஒரே பள்ளியில் பயிற்சி பெற்றவர்கள்; அவர்களுக்கு மாணவர் தகுதி வழங்கப்பட்டதாகச் சொல்லும் அரசாங்கக் கடிதம், அவர்கள் இறந்து ஆறு மாதம் கழித்து 2002 மார்ச்சில் அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. அந்த அவமானத்துக்குப் பின் மாணவர் கண்காணிப்பு இறுகிவிட்டது. படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். பழைய விசா மறுப்பு இருந்தால் அதையும் எழுதுங்கள்.

விசா பெரும்பாலும் எம்-1. பள்ளி அனுப்பும் ஐ-20 படிவம், செவிஸ் என்ற மாணவர் கண்காணிப்புப் பதிவுக்கு 350 டாலர் கட்டணம், பிறகு தூதரக நேர்காணல். படிப்பு முடிந்து ஊர் திரும்புவேன் என்று அதிகாரி நம்ப வேண்டும். படிக்கும்போது எம்-1 விசாவில் வேலை பார்க்க முடியாது. படித்து முடித்த பிறகும் நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், அதிகபட்சம் ஆறு மாதம்தான் தொழில் பயிற்சி. ‘பார்ட் டைம் வேலை பார்த்தே கடனை அடைத்துவிடலாம்’ என்று சொல்லும் ஏஜென்டிடம் வணக்கம் சொல்லி எழுந்து வந்துவிடுங்கள்.

பறக்கும் மணிக்கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. எம்-1 மாணவர்களைச் சேர்க்கும் பள்ளிகள் ‘பார்ட் 141’ என்ற விதியின்கீழ் அங்கீகாரம் பெற்றவை. அந்த விதிப்படி மொத்தம் 190 மணி நேரத்திலேயே வணிக விமானி உரிமம் வாங்கிவிடலாம். டிஜிசிஏ கேட்பதோ 200 மணி. அதில் 100 மணி ‘பைலட் இன் கமாண்ட்’, அதாவது விமானத்துக்குப் பொறுப்பான விமானியாகப் பறந்திருக்க வேண்டும். பத்து மணி குறைந்தாலும் இங்கே மறுபடி காசு கட்டிப் பறக்க வேண்டும். எனவே பள்ளியோடு கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் இந்த இரண்டு எண்களையும் எழுத்தில் கேளுங்கள். பணத்தைத் தவணையாகக் கட்டுங்கள், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் வழிகாணல், வானிலை, விமான விதிகள் ஆகிய டிஜிசிஏ தேர்வுகளைப் பிள்ளை எழுதிவிடலாம். தேற 70 சதவீதம் வேண்டும்.