பயிருக்கு மேல்மண், சுவருக்கு அடிமண்

எங்க ஊரில் எங்களுக்கு ஒரு கழனி இருக்கிறது. பெயரே 'பள்ளக்கழனி'. பிறக்கும்போது அது பள்ளமாகப் பிறக்கவில்லை. அக்கா கல்யாணத்துக்குப் பணம் போதாமல் அப்பா அந்தக் கழனியின் மண்ணைச் செங்கல் சூளைக்கு விட்டார். மூன்றடி ஆழத்துக்கு அள்ளிக்கொண்டு போனாங்க. கல்யாணம் நடந்தது. கழனி போனது. பக்கத்துக் கழனியில் நெல் இடுப்பளவு நிற்கும்போது இதில் முழங்கால் அளவுகூட வராது. மழைக்காலத்தில் தண்ணீர் வடியாது, கோடையில் மண்வெட்டி இறங்காது. பலதானிய விதைப்பு, தொழுவுரம், ஏரி வண்டல், ஆட்டுக்கிடை என்று பதினான்கு வருஷம் பாடுபட்ட பிறகுதான் அது மறுபடி கழனி என்று சொல்லும்படி ஆனது.

அதே குடும்பத்தில் நான் வீடு கட்ட ஆரம்பித்தபோது முதலில் போய் விலை விசாரித்தது எதை தெரியுமா? செங்கல்லை. யாரோ ஒருவருடைய பள்ளக்கழனியை விலைக்கு வாங்கப் போயிருக்கிறோம் என்பது வண்டிச்சத்தம் பேசும்போதுதான் உறைத்தது.

நாம எல்லாரும் வயலுக்கு இடுபொருள் கணக்குப் பார்க்கிறோம். வெளியிலிருந்து என்ன வருகிறது, அது எங்கே என்ன கெடுதல் செய்துவிட்டு வருகிறது என்று யோசித்துத்தான் யூரியாவை விட்டோம். வீட்டுக்கு மட்டும் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. இந்தப் பாடம் அந்தக் கணக்கைப் பற்றியது.

வீட்டின் இடுபொருள் கணக்கு

600 சதுர அடியில் ஒரு சின்ன வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது அங்குலச் சுவர், கதவு ஜன்னல் போக சுமார் 1,200 சதுர அடி வரும். 100 சதுர அடிச் சுவருக்கு ஏறக்குறைய ஆயிரம் செங்கல். ஆக 12,000 கல். ஒரு கல் மூன்று கிலோ என்றால் 36 டன் மண். அரையடி ஆழத்துக்கு மேல்மண்ணை மட்டும் வழித்து எடுத்தால் நாலு சென்ட் நிலம் மொட்டையாகும். ஒரு வீட்டுக்கு நாலு சென்ட். தெருவில் எத்தனை வீடு என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்க. அந்தக் கல்லைச் சுட விறகோ நிலக்கரியோ தனி.

அடுத்தது ஆற்று மணல். இதை உழவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணல் என்பது ஆற்றின் பஞ்சு. அதை அள்ளினால் வெள்ளம் வந்த வேகத்தில் கடலுக்கு ஓடும், கரையோரக் கிணறுகளில் ஊற்று குறையும். ஆற்றின் தரை இறங்கிவிட்டால் வாய்க்கால் தலைப்பு மேலே அந்தரத்தில் நிற்கும். தண்ணீர் ஓடினாலும் வாய்க்காலில் ஏறாது. எம்-சாண்ட் வந்தபிறகு ஆறு கொஞ்சம் தப்பிக்கலாம். ஆனால் அதற்கு ஒரு மலை உடைகிறது.

மூன்றாவது சிமெண்ட். சுண்ணாம்புக்கல்லை களிமண்ணோடு சேர்த்து சுமார் 1,450 டிகிரி சூட்டில் வேகவைத்து அரைப்பதுதான் சிமெண்ட். இதில் எரிபொருளின் புகை ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம், கல்லுக்குள்ளேயே கரியமில வாயு கட்டுண்டு கிடக்கிறது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் வெந்தால் 44 கிலோ வாயுவாக வெளியேறும். எந்த அடுப்பில் எரித்தாலும் இது குறையாது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு எட்டு பங்கு சிமெண்டிலிருந்து வருகிறது. கம்பியும் அப்படித்தான். ஒரு டன் இரும்புக்கு ஏறக்குறைய இரண்டு டன் வாயு.

அதற்காகச் சிமெண்டையே தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கே தேவையோ அங்கே, எவ்வளவு தேவையோ அவ்வளவு. மூட்டை மூட்டையாகக் கொட்டுவதும் ஒன்றுதான், யூரியாவைக் கொட்டுவதும் ஒன்றுதான்.

இரண்டு மண், இரண்டு வேலை

காந்தியடிகள் ஒரு கிராமத்து வீடு அதைச் சுற்றி ஐந்து மைல் தூரத்துக்குள் கிடைக்கும் பொருட்களால் கட்டப்பட வேண்டும் என்றார். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் அந்த ஒரு வாக்கியத்தை வாழ்நாள் வேலையாகவே எடுத்துக்கொண்டார். நமக்கு ஐந்து மைல்கூட வேண்டாம். காலுக்குக் கீழேயே இருக்கிறது.

இங்கேதான் முக்கியமான பாடம். பயிருக்கு உயிர் கொடுப்பது மேல்மண். கறுத்து, பொலபொலவென்று, வேரும் மக்கும் புழுவும் நிறைந்தது. அது சுவருக்கு ஆகாது. மக்கு அழுகும், சுவர் பொத்தலாகும், கரையான் வரும். ஒன்று ஒன்றரை அடிக்குக் கீழே இருக்கிற, மக்கு இல்லாத அடிமண்தான் சுவருக்கு நல்லது. அந்த அடிமண்ணில் பயிர் வராது. ஒன்றுக்கு ஆகாதது இன்னொன்றுக்கு ஆகும். மேல்மண்ணைச் சுட்டு வீடு கட்டும் நாம்தான் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

அப்படியானால் அடிமண்ணுக்கு எங்கே போவது? பண்ணைக்குட்டை வெட்டுங்க. 35 அடிக்கு 35 அடி, ஐந்தடி ஆழம். முதல் ஓரடி மேல்மண்ணைத் தனியாக அள்ளி வயலில் பரப்பிவிடுங்க. அதற்குக் கீழே, கரைக்குச் சரிவு விட்டு வெட்டினாலும், 3,000 கன அடிக்கு மேல் அடிமண் கிடைக்கும். மேலே சொன்ன வீட்டின் சுவர் 900 கன அடி. மண் இடிபட்டுச் சுருங்கும், எனவே 1,200 என்று வைங்க. பேஸ்மட்டம் நிரப்ப இன்னொரு 1,200. மிச்சமே இருக்கும். வயலுக்குத் தண்ணீர், வீட்டுக்குச் சுவர், இரண்டும் ஒரே குழியில்.

மண்ணைக் கேட்டுப் பாருங்கள்

நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு முன்னால் ஒத்திகையாக மோட்டார் கொட்டகையை மண்ணில் எழுப்பினேன். குட்டை ஓரத்தில் பிசுபிசுவென்று நல்ல களிமண், கையில் பிடித்தால் வழுவழு என்று இருந்தது. ஆஹா என்று சுவர் வைத்தேன். காய்ந்ததும் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. களி அதிகமானால் சுருங்கும், மணல் அதிகமானால் உதிரும். பாட்டிமார்களுக்குக் கை சொல்லும். நமக்குச் சோதனை வேண்டும்.

பாட்டில் சோதனை: கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்க. மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் தங்கும். அதன்மேல் வண்டல் படியும். களி படிய ஒருநாள் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். மூன்று அடுக்கையும் அளவுகோல் வைத்து அளங்க. சரளையும் மணலும் சேர்ந்து 65 பங்கு, வண்டல் 15, களி 20 என்ற அளவுக்குக் கிட்டத்தட்ட வந்தால் சிமெண்ட் கொஞ்சம் சேர்த்த மண்கல்லுக்கு ஏற்ற மண். களி 35 வரை போனால் சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

உருட்டுச் சோதனை: ஈரமண்ணைப் பிசைந்து கட்டை விரலைவிடக் கொஞ்சம் தடிப்பாக, சுருட்டு மாதிரி உருட்டி, மேசை ஓரத்துக்கு வெளியே மெதுவாகத் தள்ளுங்க. ஐந்து சென்டிமீட்டருக்குள் ஒடிந்தால் மணல் ஜாஸ்தி. பதினைந்துக்கு மேலும் ஒடியாமல் தொங்கினால் களி ஜாஸ்தி. இடையில் ஒடிந்தால் சரியான மண்.

களி அதிகமா? மணல் கலந்து மறுபடி சோதியுங்க. கரிசல் மண் மட்டும் வேண்டாம். ஈரத்தில் ஊதி, காய்ந்தால் பிளக்கும்.

சுவர் வைக்க மூன்று வழி

ஒன்று, குழைத்து வைக்கும் சுவர். மண்ணோடு வைக்கோல் துண்டு சேர்த்து மிதித்து, ஊறவைத்து, கையாலேயே அடுக்கி எழுப்புவது. ஒருநாளைக்கு ஒரு முழம்தான் ஏற்றலாம், அது காய்ந்த பிறகே அடுத்த முழம். செலவு குறைவு, பொறுமை அதிகம் வேண்டும்.

இரண்டு, பச்சைச் செங்கல். அச்சில் அறுத்து வெயிலில் காயவைத்த சுடாத கல். உள்சுவருக்கு மிக நல்லது.

மூன்று, அழுத்திய மண்கல். சலித்த மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் சேர்த்து, கைப்பிடி இயந்திரத்தில் அழுத்தி எடுப்பது. எங்க பக்கத்தில் ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் 1989 முதல் இதைச் சொல்லிக்கொடுக்கிறது. ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து நெஞ்சு உயரத்திலிருந்து கீழே போடுங்க. நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. தூளானால் தண்ணீர் போதாது, சப்பென்று அப்படியே கிடந்தால் தண்ணீர் ஜாஸ்தி. எடுத்த கல்லை இரண்டு நாள் மூடி வைத்து, பிறகு நாலு வாரம் காயாமல் நனைக்க வேண்டும். சூளைக்கு வேலையே இல்லை.

பழைய வீட்டை இடித்த செங்கல் இருந்தால் அதை விடாதீங்க. பேக்கர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' முறையில் கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினால் கால்வாசி கல் மிச்சம். அந்த வெற்றிடம் சூட்டையும் உள்ளே விடாது.

பூச்சுக்குச் சுண்ணாம்பு. அது சுமார் 900 டிகிரியிலேயே வெந்துவிடும். சுவரில் இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். சுவரும் மூச்சு விடும். செட்டிநாட்டு வீடுகளின் பளபளப்பு சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்தது. ஒரு எச்சரிக்கை: சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பிள்ளைகளை அண்டவிடாமல், குழியில் நீற்றி, ஒரு மாதமாவது ஊறவைத்துப் பயன்படுத்துங்க.

தொப்பியும் செருப்பும்

மண்சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல செருப்பும் வேண்டும். செருப்பு என்பது கருங்கல் கடைக்கால், அதன்மேல் குறைந்தது இரண்டடி பேஸ்மட்டம். தண்ணீர் தேங்கும் இடமானால் இன்னும் உயரம். தொப்பி என்பது சுவரைத் தாண்டி இரண்டரை மூன்றடி நீளும் தாழ்வாரம். ஓட்டுக்கூரையானால் பனங்கையோ சவுக்கோ போதும், கம்பி வேண்டாம். கல்நார் ஓடு மட்டும் எந்தக் கொட்டகைக்கும் வேண்டாம். உடைந்தால் அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

வீட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். குட்டைச் சுவர்தான் காலை வெயிலையும் சாயங்கால வெயிலையும் வாங்க வேண்டும். மேற்கே ஒரு திண்ணையும் ஒரு வேம்பும் இருந்தால் மின்விசிறியின் வேலை பாதி குறையும்.

எங்கே இது சரிப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் எங்க மாவட்டமே மிதந்தது. எங்க தெருவில் தரையோடு தரையாக எழுப்பிய பழைய மண்சுவர்கள் ஊறிச் சரிந்தன. எங்க வீட்டில் தண்ணீர் பேஸ்மட்டத்தின் இரண்டாவது படி வரை வந்து நின்றது, சுவரைத் தொடவில்லை. இன்னும் ஓரடி ஏறியிருந்தால் நானும் வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஆற்றோரம், ஏரி உபரிநீர் ஓடும் தாழ்ந்த இடம் என்றால் ஜன்னல் மட்டம் வரை கல்லோ சுட்ட செங்கல்லோ வைத்து, அதன்மேல் மண்கல் வையுங்க. வங்கிக் கடனோ அரசுத் திட்டமோ எடுப்பவர்கள் மண்கல்லை ஒத்துக்கொள்வார்களா என்று முன்னாடியே கேட்டுவிடுங்க.

ஊர் வாய்

கணக்கெல்லாம் முடிந்தது. ஒன்று மிச்சம். "மண் வீடு கட்டினா பையனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்று என் மனைவி கேட்டாள். சிரிக்கிற கேள்வி இல்லை இது. மெத்தை வீடு என்றால் மதிப்பு, மண் வீடு என்றால் ஏழை என்று ஊர் முடிவுகட்டி வைத்திருக்கிறது. நான் வாதாடவில்லை. வண்டி பிடித்து அவளை ஆரோவிலுக்கு அழைத்துப்போய் மண்கல் கட்டிடங்களைத் தொட்டுப் பார்க்க வைத்தேன். திரும்பி வரும்போது, "நம்ம திண்ணை இதைவிடப் பெரிசா இருக்கணும்" என்றாள். அவ்வளவுதான்.

எங்க வீட்டுச் செலவில் பெரிய பங்கு எங்க ஊர்க் கொத்தனாருக்கும் சித்தாள்களுக்கும் கூலியாகவே போனது.

இந்த வாரம் செய்து பாருங்க: உங்க நிலத்தில் மூன்று இடத்தில் இரண்டடி ஆழம் தோண்டி, அடிமண்ணை மூன்று பாட்டிலில் போட்டுக் குலுக்கி வையுங்க. வீடே கட்டப்போவதில்லை என்றாலும் பரவாயில்லை. உங்க மண்ணின் அடுக்கு உங்களுக்குத் தெரிந்துவிடும். சூளைக்காரர் வந்து கழனிக்கு விலை பேசும்போது, அவர் கேட்பது எந்த மண், அது போனால் திரும்பி வர எத்தனை வருஷம் என்று சொல்ல உங்களுக்கு வாய் வரும். அன்றைக்கு எங்க அப்பாவுக்கு அது வரவில்லை.