முட்டைக்கோஸ் ஏன் உருளவில்லை?

விதைப் பொட்டலத்தில் ‘குளிர்காலத்தில் நடவும்’ என்றிருந்ததை நம்பி டிசம்பரில் முட்டைக்கோஸ் நட்டீர்களா? இலை விரிந்திருக்கும், உருண்டிருக்காது. தவறு உங்களுடையதல்ல. சாதாரண ரகங்கள் நன்கு உருள 15 முதல் 20 பாகை செல்சியஸ் வேண்டும். ஜோர்ஜ்டவுனில் இரவில்கூட வெப்பம் அந்த அளவுக்கு இறங்குவதில்லை.

100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 பாகை குறையும். 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலையில்? கணக்கிட்டுப் பாருங்கள்: சுமார் 5 பாகை. கேமரன் மலை அதைவிட உயரம். நம் சந்தைக்குக் கோஸ் அங்கிருந்து வருவது இதனால்தான்.

ஜனவரி, பிப்ரவரி நமக்குக் குளிர்காலமல்ல, மழை குறைந்த காலம். வெண்டை, தண்டுக்கீரை நடுங்கள். காலையில் வேர் நனைய நீரூற்றி, மண்மேல் காய்ந்த புல்லைப் பரப்புங்கள். என் மாணவர்கள் சிலர் உச்சிவெயிலில் இலைமேல் தெளிக்கிறார்கள்! அது வேருக்குப் போகுமுன் ஆவியாகிவிடும்.