பிள்ளைகளின் கணக்கும் பஞ்சாயத்தின் கடமையும்

தம் கிராமத்தில் எத்தனை கிணறுகள் உள்ளன, எவ்வளவு நிலம் பாசனம் பெறுகிறது என்பவற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர் உடனே கூறிவிடுவர். ஆனால், பள்ளிக்குச் செல்லாத பிள்ளைகள் யார் யார் என வினவினால் விடை கிடைப்பது அரிது. இக்கணக்கு ஏன் இன்றியமையாதது என்பதைக் காண்போம்.

ஏழைப் பிள்ளைகளின் கல்வி, சர்க்காரும் மக்களும் கூடி வளர்த்த பயிராகும். 1956-ஆம் ஆண்டில் காமராசர் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்திற்கு ஊர் மக்களும் உதவினர். 1958-இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. அது முதல் பல ஊர்களில் மக்களே பள்ளிக்கு வேண்டிய பொருள்களை மனமுவந்து வழங்கினர். 2022 செப்டம்பர் 15 அன்று தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பெற்றது. பசி என்னும் தடை இவ்வாறு பெரிதும் தளர்ந்துள்ளது.

எனினும், ஓசூர்ப் பகுதியில் வேறு மூன்று தடைகள் உள்ளன. முதலாவது தூரம். தளி, அஞ்செட்டி வட்டாரங்களின் காட்டோரச் சிற்றூர்களில், யானை நடமாடும் வழியே பிள்ளையைத் தனியே அனுப்பப் பெற்றோர் அஞ்சுவர். இரண்டாவது இடப்பெயர்ச்சி. 1970-களில் ஓசூரில் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் வெளியூர்த் தொழிலாளர் பலர் இங்கு வருகின்றனர்; வேலை முடிந்ததும் குடும்பத்துடன் வேறிடம் செல்வோரும் உளர். மூன்றாவது மொழி. இல்லத்தில் தெலுங்கோ, கன்னடமோ, உருதுவோ பேசும் குழந்தை தமிழ்ப் பாடத்தின் முன் வாய்மூடி இருப்பின், அதனை மந்தபுத்தி என எண்ணலாகாது.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் கூறுவனவற்றுள் நாம் அறிய வேண்டியவை:

1. பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் பதிவேட்டைப் பேணுவது உள்ளாட்சியின் கடமை.

2. வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ சேர்க்கையை மறுத்தலாகாது.

3. படிப்பை விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி அளித்தல் வேண்டும்.

4. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், சரிபாதியினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும்.

ஆகவே, ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் தெருவாரியாகப் பட்டியல் எடுத்து, அதனைத் தலைமையாசிரியரின் வருகைப் பதிவேட்டுடன் ஒப்பிடுக. கொட்டகைகளில் தங்கியுள்ள குடும்பங்களை விட்டுவிடலாகாது. பெயர் பதிவானதாலேயே பிள்ளை படிக்கிறது என்று கொள்ளவும் கூடாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை தன் பாடத்தைத் தானே படிக்கிறதா என்பதைக் குழுக் கூட்டத்தில் கேட்டறிக.

கிராம சபையில் ஆராய வேண்டிய வினாக்கள்:

நம் ஊரில் பள்ளிக்கு வாராத பிள்ளைகள் யாவர்?

ஒவ்வொருவரையும் தடுப்பது தூரமா, இடப்பெயர்ச்சியா, மொழியா?

அடுத்த கூட்டத்திற்குள் அப்பிள்ளையின் வீட்டிற்கு நம்முள் யார் செல்வது?