எண்ணெய்க் கிணற்றை நம்பிய குடிநீர்க் குழாய்

அமெரிக்காவில் கோதுமை விளையும் வட டகோட்டா மாநிலத்தின் வடமேற்கே நல்ல நிலத்தடி நீர் அரிது. பண்ணை வீட்டார் பலர் லாரியில் நீர் கொண்டுவந்து தொட்டியில் நிரப்பி வந்தனர். அதே பகுதியில் பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எண்ணெய் எடுக்கிறார்கள். இதற்குக் கிணறு ஒன்றுக்கு 1 கோடி லிட்டருக்கு மேல் நீர் தேவை.

இரு தேவைகளையும் சேர்த்து 2011-இல் மாநில சட்டமன்றம் ஒரு குழாய்த் திட்டத்தை ஏற்றது. மிசௌரி ஆற்று நீரை வில்லிஸ்டன் நகரில் சுத்திகரித்து ஊர்களுக்கும் பண்ணைகளுக்கும் அனுப்புவது. மிகுதியை எண்ணெய்க் கம்பெனிகளுக்கு விற்று, அந்தப் பணத்தில் கடனின் பெரும்பகுதியை அடைப்பது என்பது ஏற்பாடு. சொந்த நிலத்து நீரைக் கம்பெனிகளுக்கு விற்று வந்த நில உடைமையாளர்கள், அரசு ஆதரவுடன் வந்த இந்தப் போட்டியை எதிர்த்தனர். அவர்கள் மனக்குறை நியாயமானதே.

2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. புதுக் கிணறுகள் குறைந்தன, நீர் விற்பனையும் சரிந்தது. தவணை மட்டும் நிற்கவில்லை.

தண்ணீர் லாரிக்காரரை நம்பி ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் வாங்க நினைப்பவர், அவர் வராத ஆண்டில் தவணையை எந்த வருமானத்தில் கட்டுவது என்று முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். வட டகோட்டாவில் மாநில அரசு கைகொடுத்தது.