காற்று வரைபடம் பார்க்க வந்த பிள்ளைகளுக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகளில் கரண்ட் செலவைக் கவனிக்க வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்கிறேன்.

1. குளோபல் விண்ட் அட்லஸைத் திறந்து ஆம்பூரைப் பாருங்கள். அடுத்து, தெற்கே காற்றாலைகள் நிற்கும் ஆரல்வாய்மொழியைப் பாருங்கள். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்து தந்த படம் அது, காசில்லை. காற்றின் வேகத்தைக் காட்டும் இரண்டு நிறத்தையும் முதலாளியிடம் காட்டினால், மொட்டைமாடியில் காற்றாடி வைக்கும் ஆசை பாதி அடங்கிவிடும்.

2. உயரத்தைப் பாருங்கள். படத்தில் 10, 50, 100, 150, 200 மீட்டர் என்று தனித்தனியாக உண்டு. விற்க வருகிறவர் 100 மீட்டர் எண்ணைக் காட்டிவிட்டு மாடிக் கம்பத்தில் மெஷினை மாட்டுவார்.

3. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். படம் நொடிக்கு 5 மீட்டர் என்று சொல்லி, இடத்தில் 4 மீட்டர்தான் வீசினால், குறைவது ஐந்தில் ஒரு பங்கு அல்ல, கிட்டத்தட்ட பாதி.

4. ஏலகிரி, ஜவ்வாது முகடுகளில் நிறம் கூடினால் மயங்காதீர்கள். அந்தப் படம் 250 மீட்டர் கட்டங்களாக மாடலில் கணக்கிட்டது. முகட்டுக் காற்று பாலாற்றங்கரைக்கு இறங்கி வராது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் காற்றாலை இறக்கையை எப்படி ஏற்றுவது என்பதைப் படம் சொல்லாது!

5. ஆண்டுச் சராசரியோடு நிற்காமல் மாதவாரி வரைபடத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டுக் காற்றாலைகளுக்குத் தென்மேற்குப் பருவம்தான் அறுவடை. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே பாயும் காற்று அது. நம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் ஆடி, மார்கழி பார்த்து ஓடுவதில்லை. மார்கழிக்கு என்ன வழி என்று படம் பார்க்கும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

6. நம் ஊர் ஆலைக்குக் காற்று பெரும்பாலும் கம்பி வழியாகத்தான் வர முடியும்: தெற்கே ஓடும் காற்றாலையில் பங்கு வாங்குவது. 2005 மின்சார விதிகளின்படி, சொந்தப் பயன்பாட்டு மின்நிலையம் என்றால் பயனாளர்களுக்கு 26 சதவீதப் பங்காவது இருக்க வேண்டும். உற்பத்தியில் 51 சதவீதமாவது அவர்களே பயன்படுத்த வேண்டும். ஆகவே தெற்கே காற்றாலைகள் நிற்கும் முப்பந்தலின் வரைபடத்தைப் பார்ப்பதும் ஆம்பூர்க்காரன் வேலைதான்.

7. படம் எங்கே தேடலாம் என்று காட்டும், அவ்வளவே. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். புது இடமென்றால் கம்பம் நட்டு ஒரு வருஷமாவது அளந்த கணக்கைக் கேளுங்கள். ஓடுகிற காற்றாலை என்றால், மின்வாரியம் மாதாமாதம் எடுத்த யூனிட் ரீடிங் மூன்று வருஷத்துக்காவது வேண்டும். தரத் தயங்குகிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.