பேர் கேட்டாயா, மாப்பிள்ளை?

கணபதி,
கோயம்புத்தூர்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமன் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை போனில் பேசும்போது மூன்று தடவை இருமினாய். உங்கம்மாவைக் கேட்டால், "பனிக்காலமுங்கண்ணா, சளிதான்" என்கிறாள். அவள் எதையும் அப்படித்தான் சொல்வாள். உங்கப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோதும் சளி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். போனில் சொன்னால் "சரிங்க மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

ஆபீஸுக்கு மாறுவதா, ஃபவுண்டரியில் மோல்டிங்கிலேயே இருப்பதா என்று கேட்டிருந்தாய். உன் இஷ்டம், சாமி. ஆபீஸ் வேலை ஒன்றும் குறைச்சலில்லை. ராத்திரி ஷிப்ட் கிடையாது, சட்டையில் கரி படாது, பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஒறம்பரைக்குச் சொல்லவும் நன்றாக இருக்கும். எல்லாவற்றையும் யோசித்துக்கொள். ஆனால் அன்றைக்கு நீ வேறொன்று சொன்னாய். எனக்கு வெசனமெல்லாம் அதில்தான். உனக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்டேன். பதினெட்டு என்றாய். யார் யார் என்றேன். "எல்லாம் ஒடிசா, பீகார் பசங்க மாமா. பேரு வாயில நுழையல, நம்பர் சொல்லித்தான் கூப்பிடறோம்" என்றாய்.

நான் 1974-ல் மோல்டிங்கில் சேர்ந்தபோது வயது பத்தொன்பது. இரும்பை உருக்குகிற குப்போலா உலையில் நின்றவர் சூலூர்ப் பக்கத்துக்காரர். உலைக்குள்ளே எட்டிப் பார்த்து, நிறத்தை வைத்தே இரும்பு பதத்துக்கு வந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். மணல் பதம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். ஒரு பிடி அள்ளி அமுக்கினால் கைரேகை அதில் பதிய வேண்டும், ஒடித்தால் முனை உதிராமல் இரண்டாக ஒடிய வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக்கூடாது. உங்கள் லேபில் இதற்கு இப்போது மெஷின் இருக்கும். இருந்தாலும் கையால் ஒரு தடவை செய்து பார்.

ஒரு நாள் பொழுதோட, உருகிய இரும்பைப் பிடிக்கிற, புதிதாக மண் பூசிய லேடிலைத் தூக்கிக்கொண்டு உலை வாய்க்குப் போகிறேன். உள்பூச்சு முழுக்கக் காயவில்லை. எனக்குத் தெரியாது. பத்தடி தள்ளி நின்றவர் என் பேரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டார். புளோயர் இரைச்சலில் 'டேய்' என்றிருந்தால் அங்கிருந்த எட்டுப் பேரும் திரும்பியிருப்போம், இல்லாவிட்டால் எட்டுப் பேருமே திரும்பியிருக்க மாட்டோம். என் பேர் காதில் விழுந்ததால் நான் நின்றேன். 1,350 டிகிரிக்கு மேலான சூட்டில் உருகியிருக்கிற இரும்பு ஈரத்தின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நீ படித்திருப்பாய். தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். கிடைக்காவிட்டால் இரும்பையே தூக்கி எறியும். இந்த இரண்டு காலோடு நான் உன் பெயர்சூட்டு விழாவுக்கு நடந்து வந்தது அவர் போட்ட அந்தச் சத்தத்தால்.

வார்ப்புக்குள்ளே வைக்கிற மணல் அச்சு, அதாவது கோர் போடுகிற அக்கா ஒருவர் இருந்தார். பம்பு இம்பெல்லருக்குள்ளே தண்ணீர் ஓடுகிற அந்த வளைந்த வழியெல்லாம் அவர் கைவேலை. சூளையில் கோர் வெந்துவிட்டதா என்று வாசனையிலேயே சொல்வார். இந்தப் பக்கம் எத்தனையோ கிணற்றில் அவர் கை இருக்கிறது. எந்தப் பம்பிலும் அவர் பேர் இல்லை.

இனிமேல் சொல்வது ஃபெட்லிங்கில் இருந்தவனைப் பற்றி. உங்கம்மாவுக்குக் கதை தெரியும். உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை.

வார்ப்பில் ஒட்டிய மணலைக் கிரைண்டரில் தேய்த்தெடுக்கிற வேலை அவனுக்கு. முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான். பதினோரு வருஷம் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன். இருமல் வந்தது, உடம்பு இளைத்தது. டிபி என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், மறுபடியும் ஆறு மாதம். கடைசியில் ஒரு சின்ன வயது டாக்டர்தான் "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். அதுவரை யாருமே அதைக் கேட்டிருக்கவில்லை. மணல் தூசு நுரையீரலில் தங்கி இறுகிப்போன சீக்கு, சிலிக்கோசிஸ். குணமாக்க மருந்து கிடையாது. அப்போதிருந்த 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, நிர்வாகம் தகவல் கொடுக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் அதன் பேர் இருந்தது.

அவன் சம்சாரம் நஷ்டஈடு கேட்டுப் போனபோது, அப்படி ஒருவன் வேலையே பார்க்கவில்லை என்றார்கள். பீஸ் ரேட்டுக்குக் காண்ட்ராக்டர் கூட்டி வந்த ஆள், மஸ்டர் பதிவேட்டில் பேர் ஏறவில்லை. நாங்கள் நாலு பேர் சாட்சி சொல்லப் போனோம். அங்கிருந்த குமாஸ்தா, "முழுப்பேர் என்ன? அப்பா பேர்? எந்த ஊர்? எந்த வருஷம் சேர்ந்தார்?" என்றார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நாங்கள் வைத்த பட்டப்பேர்தான். பதினோரு வருஷம் ஒரே தூக்குப்போசியில் சாப்பிட்டவனின் அப்பா பேர் எனக்குத் தெரியவில்லை, மாப்பிள்ளை. குமாஸ்தா பேனாவை மூடி வைத்தார். அந்தப் பொம்பளை எங்களைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பரவால்லீங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்த நீலக் கலர் நோட்டு. சின்ன வயதில் நீ அதில் ரயில் வரைந்து வைத்ததற்கு நான் உன்னை அடித்தேனே, அதேதான். ஒவ்வொருவர் பேர், அப்பா பேர், ஊர், சேர்ந்த வருஷம், பார்த்த வேலை எல்லாம் இருக்கிறது. இரண்டு குடும்பத்துக்கு அது உதவியிருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன். ஆபீஸில் உட்கார்ந்தால் உன் மேஜைக்கு வருவது மஸ்டர். மஸ்டரில் இல்லாதவனை அங்கிருந்து பார்க்க முடியாது. அந்தப் பதினெட்டுப் பையன்களுக்கும் அவரவர் ஊரில் அம்மா இருப்பாள், என் தங்கச்சி மாதிரி, சளிதான் என்று சொல்லிக்கொண்டு. பேர் வாயில் நுழையவில்லை என்றால் எழுதிக் கொடுக்கச் சொல். பத்துத் தடவை சொல்லிப் பார், நுழையும். முடிவு உன்னுடையதுதான். மோல்டிங்கில் இருக்கச் சொன்னேன் என்று உங்கம்மா என்னிடம் ஒரு மாதம் பேச மாட்டாள் என்றும் தெரியும்.

இருப்பதானால் துண்டு கட்டிக்கொண்டு நிற்காதே. ஆளைக் கொல்கிற தூசு கண்ணுக்கே தெரியாது, துணிக்குள் புகுந்துவிடும். சரியான மாஸ்க் வாங்கு, முகத்தில் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். தாடி இருந்தால் படியாது, எடுத்துவிடு. ஏர் ஹோஸால் மணலை ஊத விடாதே. கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளிக்கச் சொல். பசங்களுக்கும் அதே மாஸ்க் கேள். இல்லை என்றால் எழுதிக் கேட்டு, நகல் வைத்துக்கொள். சேர்ந்து ஒன்றரை வருஷம்தானே, உனக்கு ஒன்றும் இருக்காது. இருந்தாலும் நாளைக்கே ஒரு எக்ஸ்ரே எடு.

ரொம்பப் பேசிவிட்டேன், கண்ணு. கோபித்துக்கொள்ளாதே. உன்னை மாதிரிப் பொறுப்பான பையன் நம் ஒறம்பரையில் யாரும் இல்லை, இதை நான் எல்லாரிடமும் சொல்வேன். முதல் சம்பளத்தில் நீ வாங்கிக் கொடுத்த சால்வையைத்தான் இப்போதும் போர்த்தியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வா. அத்தை அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய் காய்ச்சி வைப்பாள். தாடியோடு வந்தாலும் சரி, வந்தால் போதும். வரும்போது ரூம் கிடைக்காமல் ஷெட்டிலேயே படுக்கிறான் என்றாயே ஒரு பையன், அவனையும் கூட்டி வா. நோட்டில் இன்னும் நாற்பது பக்கம் காலியாக இருக்கிறது, எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கிற
மாமன்